லான்ஸுக்கு அப்பால் நாற்பது மைல்

"நீ ஓட்டு" என்று சொல்லி ரெய்னோ சாவியை நீட்டியபோது வில்மாவின் இரண்டு கைகளிலும் காபிக் கோப்பைகள் இருந்தன. எதைக் கீழே வைத்துவிட்டுச் சாவியை வாங்குவது என்று தெரியாமல் பராகா பெட்ரோல் பங்கின் வாசலிலேயே நின்றாள்.

"என்னது?"

"கண்ணு கூசுது. கொஞ்ச தூரம் நீ ஓட்டு."

கண் கூசுகிற அளவுக்கு வெயில் எங்கே இருந்தது? அப்போதுதான் விடிந்திருந்தது. வளைகுடாவுக்கு மேலே வானம் தேய்க்காத அலுமினியச் சட்டியைப் போலக் கிடந்தது. பொடிப்பொடியாகப் பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். தொப்பிக்குக் கீழே நெற்றி ஈரமாக இருந்தது.

"உனக்கு வேர்க்குதே, ரெய்னோ."

"உள்ள ஹீட்டரச் சூளை மாதிரி வெச்சிருக்கான். வேர்க்காம என்ன செய்யும்? நாப்பத்திநாலு வருஷமா ஸ்டீயரிங் இல்லாத வலது பக்கம் உக்காந்துக்கிட்டு வாயாலயே வண்டிய ஓட்டுன. இன்னிக்கு ஒருநாள் இடது பக்கம் உக்காந்து ஓட்டு, பாப்போம்."

வில்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் சாவியை வாங்கினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுவரை அவர் பக்கத்தில் உட்கார அவள் வண்டி ஓட்டியது ஒரே ஒரு முறைதான், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு. அன்றைக்கும் பாதி வழியில் இறங்கி இடம் மாறிக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் கவுண்ட்டி, அதாவது மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டிய மனிதர். அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் அவருக்குக் கால் சும்மா இருக்காது.

இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, அவள் வண்டியைக் கிளப்பினாள். ரெய்னோ மடியில் மஞ்சள் நோட்டை வைத்துக்கொண்டார். மூன்று வாரமாக அவர் போட்ட திட்டம் முழுவதும் அதில்தான் இருந்தது.

உள்ளூர் விமானத்தை நம்ப முடியாது, பனி விழுந்தால் நின்றுவிடும், அதனால் தெற்கே கிரீன் பே நகரத்துக்கு வண்டியில் போய் அங்கிருந்து விமானம் ஏறுவது என்று முதலில் முடிவு செய்தார். புதன்கிழமை மத்தியானம் விமானம். புதன் காலையில் புறப்பட்டால் போதும் என்றுதான் முதலில் எழுதியிருந்தார். போன வியாழக்கிழமை வானிலை அறிக்கையைக் கேட்டதும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். செவ்வாய்க்கிழமை இரவு பெரிய புயல் வருகிறது. செவ்வாய்க் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். கிரீன் பேயில் ஒரு மோட்டலில் இரவு தங்கல். எங்கே பெட்ரோல், எங்கே கழிப்பறை, எந்த வளைவில் காற்று பனியை அள்ளிக் கொட்டும், எந்தக் கவுண்ட்டியில் எத்தனை மணிக்குப் பனி தள்ளும் லாரி போகும், எல்லாம் அதில் இருந்தது. வழியில் பனி லாரிகள் நிற்கும் கவுண்ட்டி கராஜ்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போன் போட்டுத் தனக்குத் தெரிந்த ஆட்களிடம் விசாரித்திருந்தார்.

எழுபத்திரண்டு வயதில் அவர் முதன்முறையாக விமானம் ஏறப்போகிறார். போகிற இடம் அரிசோனாவில் டூசான். அங்கேதான் மகன் டேரன் இருந்தான்.

டேரனை அவர்தான் கவுண்ட்டி வேலையில் சேர்த்துவிட்டார். நாலு வருஷத்துக்கு முன்னால், பிப்ரவரி மாதம், ஆள் பற்றாக்குறையில் கராஜே திண்டாடிக்கொண்டிருந்தபோது அவன் வேலையை விட்டுவிட்டு அரிசோனாவுக்குப் போனான். யொலாண்டா என்று ஒரு பெண்ணுக்காகப் போனான். "பாதி ரோட்டுல பனி தள்ளுற பிளேடத் தூக்கிட்டுப் போறவன் எதுக்கும் ஆகமாட்டான்" என்று ரெய்னோ கராஜில் எல்லார் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு வில்மா மட்டும் பேசுவாள். ரெய்னோ அடுத்த அறையில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

ஜூன் மாதம் குழந்தையின் படம் வந்தது. ஒரு மாதம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்தவர், ஒருநாள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார்: "நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு அங்க வான்கோழி எல்லாம் கிடைக்குமா?"

பராகாவிலிருந்து லான்ஸுக்கு வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு நாலு மைல்தான். வில்மா ஓரக்கண்ணால் பார்த்தாள். அவருடைய வலது கை இடது தாடைக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது.

"பல்லு வலியா?"

"ம்."

"உனக்கு அந்தப் பக்கம் பல்லே கிடையாதே."

சாலையோரத்தில் வெள்ளை எழுத்தோடு நீலப் பலகை தெரிந்தது. மருத்துவமனைக்கு வழி. வில்மா காலைத் தளர்த்தினாள். வண்டி தானாகவே மெதுவானது.

"எதுக்கு ஸ்லோ பண்ற?"

"ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிடலாம். பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷமா? உள்ள போனா ஒயரை மாட்டுவான். ரத்தம் எடுப்பான். ராத்திரி இங்கயே இருன்னுவான். ராத்திரி புயல் வந்துடும். அப்புறம் எங்க போறது?"

"டேரன் புரிஞ்சுப்பான், ரெய்னோ."

"அவன் புரிஞ்சுக்க மாட்டான்" என்றார் ரெய்னோ. குரலை உயர்த்தவில்லை. "கிழவனுக்குச் சாக்குக் கிடைச்சுதுன்னு நினைப்பான். நான் அவனா இருந்தா அப்படித்தான் நினைப்பேன். ஓட்டு, வில்மா. நேத்துத் தின்ன ஹெர்ரிங் மீனு நெஞ்சுல நிக்குது, அவ்வளவுதான்."

பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. திரும்புவதற்கான விளக்கைப் போடத்தான் அவள் கை போனது. போட்டிருக்கலாம். அது ஒரு விரல் வேலை. ஆனால் நாற்பத்திநாலு வருஷத்தில் சாலையைப் பற்றி அவர் சொன்ன எதையும் அவள் மீறியதில்லை. கையை எடுத்துக்கொண்டாள். நீலப் பலகை பக்கவாட்டில் நகர்ந்து போனது.

லான்ஸைத் தாண்டியதும் வீடுகள் குறைந்தன. சாலை மேட்டில் ஏறிக் காட்டுக்குள் நுழைந்தது. ராத்திரி வரவேண்டிய புயல் பன்னிரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டது. பொடியாக விழுந்த பனி கனத்து, கண்ணாடியின் மேல் சப் சப்பென்று அறைந்தது.

"பாரு, வானிலைக்காரன் லட்சணத்த" என்று ரெய்னோ முணுமுணுத்தார். அவருக்கு உண்மையாகவே கோபம். "ரோட்டுல ஒரு பிடி உப்புக்கூட போடல."

அந்தக் கோபத்தைக் கேட்டதும் வில்மாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. திட்டுகிற மனிதருக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள். கவிங்டனில் தெற்கே திரும்பினார்கள். இதற்கு மேல் இருபது மைலுக்கு ஒரு கடை கிடையாது.

திரும்பிப் பத்து நிமிஷம் இருக்கும். ரெய்னோ கோட்டின் ஜிப்பை இறக்கினார். பிறகு ஜன்னலையும் கொஞ்சம் இறக்கினார். பனி உள்ளே வந்து அவர் மடியிலிருந்த நோட்டின் மேல் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. அவள் பயந்தது அப்போதுதான்.

"ரெய்னோ?"

"நெஞ்சு மேல எவனோ ஏறி உக்காந்திருக்கான், வில்மா" என்றார், சாதாரணமாக. "கையும் மரத்துப்போச்சு."

அவள் போனை எடுத்து ஒரு கையால் அழுத்தினாள். சிக்னல் இல்லை. மறுபடியும் அழுத்தினாள். போனை டேஷ்போர்டின் மேல் வைத்தால் கிடைக்குமோ என்று வைத்தாள். அது வழுக்கிக் கீழே விழுந்தது.

"திரும்பிடவா? லான்ஸுக்குத் திரும்பிடவா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். வலிக்கு நடுவிலும் மனசுக்குள் மைல் எண்ணுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. "முப்பது மைல் வந்துட்டோம். முன்னாடி இருக்குற ஆஸ்பத்திரிக்கும் அவ்வளவுதான் இருக்கும். மேட்டுல இப்ப பனி சேர்ந்திருக்கும்... நேரா போ. எட்டு மைல்ல கவுண்ட்டி எல்லை. அங்க ஊர் நேரமே வேற, கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி. நமக்கு ஒரு மணி நேரம் சும்மா கிடைக்குது."

"பேசாதே. நான் ஓட்டுறேன்."

அவள் வேகத்தைக் கூட்டினாள். பின் சக்கரம் ஒரு முறை நழுவி நேரானது. தாழ்வில் ஓர் ஓடையும் பனிக்கட்டி படிந்த சின்னப் பாலமும் தெரிந்தன. அவள் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

"பாலத்துல பிரேக் போடாதே" என்றார் ரெய்னோ.

அவள் காலை எடுத்தாள். வண்டி ஒரு சிரமமும் இல்லாமல் பாலத்தைக் கடந்தது.

"பாத்தியா, தாண்டிட்டேன்" என்றாள். "பாத்தியா ரெய்னோ?"

அவர் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அது தூக்கமில்லை. அவர் தூங்குவதை அவள் தினமும் பார்க்கிறவள்.

வண்டியைச் சாலை நடுவிலேயே நிறுத்தினாள். தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி ஓடும்போது முழங்கால் அடிபட விழுந்தாள். எழுந்து அவர் பக்கக் கதவைத் திறந்து பெல்ட்டைக் கழற்றி, அக்குளில் கை கொடுத்து இழுத்துப் பார்த்தாள். அவர் நூறு கிலோவுக்குக் குறையாத ஆள். ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அடியிலிருந்த பிடியை இழுத்ததும் இருக்கை பின்னால் சாய்ந்தது. அவர் மேல் பாதி ஏறி மண்டியிட்டு, தேவாலயத்தின் கூடத்தில் எப்போதோ ஒரு சனிக்கிழமை ரப்பர் பொம்மையின் மேல் கற்றுக்கொடுத்ததை நினைத்துக்கொண்டு, நெஞ்சை அழுத்தினாள். அழுத்த அழுத்த மெத்தைதான் உள்ளே போனது. கூரை அவள் முதுகில் இடித்தது.

"ரெய்னோ. ஏய். ரெய்னோ."

இரண்டு பக்கமும் மரங்கள் நின்றுகொண்டிருந்தன. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சாலையில் ஒருவரும் வரவில்லை. உதவி என்று கத்தினாள். தன் குரலைக் கேட்டு அவளுக்கே கூச்சமாக இருந்தது, அங்கே கேட்பதற்கு ஒருவரும் இல்லாததால்.

எவ்வளவு நேரம் என்று அவளால் பின்னால் சொல்ல முடியவில்லை. தெற்கிலிருந்து முதலில் சத்தம் வந்தது. இரும்பு பிளேடு தாரைச் சுரண்டுகிற சத்தம். எத்தனையோ விடியற்காலைகளில் படுக்கையில் கிடந்தபடி அவள் கேட்ட சத்தம். பிறகு மஞ்சள் விளக்குகள் பனிக்குள் சுழன்றன. லாரி அவர்கள் வண்டிக்கு முன்னால் சாலையை மறித்து நின்றது. குதித்து இறங்கிய ஆளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சிவந்த தாடி.

"வில்மா? நான் லைல். ரெய்னோகிட்ட வேலை பழகுனவன்."

சொல்லிக்கொண்டே அவன் உள்ளே பார்த்துவிட்டான். வேறு எதுவும் கேட்கவில்லை. ரேடியோவில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்து, ரெய்னோவை இடுப்போடு கட்டிப்பிடித்துத் தூக்கிச் சாலையில் கிடத்தினான். தன் கோட்டைக் கழற்றி அவருடைய தலைக்கு அடியில் செருகினான். கையை ஊன்றி எண்ண ஆரம்பித்தான்.

"ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. லாரியில ஏறி உக்காருங்க, வில்மா. உள்ள சூடா இருக்கும்."

அவள் ஏறவில்லை. ரெய்னோவின் முகத்தில் பனி விழாதபடி இரண்டு கைகளையும் விரித்துக் குனிந்து நின்றாள்.

"நேத்து எனக்குப் போன் பண்ணாரு" என்றான் லைல், மூச்சு வாங்க. "பதினாலு, பதினஞ்சு... 'நீ எத்தன மணிக்கு அந்தப் பாலத்துக்கு வருவ'ன்னு கேட்டாரு. ஒன்பதரைன்னேன். 'ஒன்பதரைன்னா ஒன்பதரையா, இல்ல உன் ஒன்பதரையா'ன்னு கேட்டாரு..." அவன் அழுத்துவதை நிறுத்தவில்லை.

லாரியின் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எண்களில் மணி தெரிந்தது. ஒன்பது முப்பத்தாறு.

ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அதுவரை லைல் அழுத்தினான். அவனுக்குக் கை ஓய்ந்தபோது வில்மா அழுத்தினாள். அவளுக்கு ஓய்ந்தபோது அவன். இரண்டு பேருக்கும் நடுவில் ரெய்னோ, யாரோ தன் வேலையைத் தப்பாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருப்பவரைப் போல வானத்தைப் பார்த்துக் கிடந்தார்.

எல்லைக்கு அப்பாலிருந்த மருத்துவமனை சின்னது. பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் டாக்டர் வந்து முடிந்துவிட்டது என்று சொன்னபோது, அவளிடமிருந்து புதினா மிட்டாய் வாசனை வந்ததை வில்மா கவனித்தாள். அவள் வில்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு யாருக்கோ அழைப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

பிறகு ஒரு நர்ஸ் படிவத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நினைவு தப்புனது எத்தன மணிக்கு இருக்கும், மிசஸ் லம்பி?"

"ஒன்பது இருபது. இல்ல, இருபத்தஞ்சு."

நர்ஸ் எட்டு இருபத்தைந்து என்று எழுதினாள். வில்மா அதைப் பார்த்தாள். "இங்க ஒரு மணி நேரம் பின்னாடி" என்று நர்ஸ் மெதுவாகச் சொன்னாள்.

"தெரியும். அவர் சொன்னாரு."

"வலி எங்க ஆரம்பிச்சுது? அதாவது, வழியில எந்த இடத்துல?"

"பராகாவுல."

நர்ஸின் பேனா நின்றது. பராகாவுக்கும் இந்த ஊருக்கும் நடுவில் என்னென்ன இருக்கிறது என்று அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல், எழுதிக்கொண்டாள்.

அடுத்து டேரனுக்குச் சொல்ல வேண்டும். வில்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே சிக்னல் முழுசாக இருந்தது. பெயரை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அம்மா! என்ன, அதுக்குள்ள கிரீன் பேயா? அப்பா தன் டைம்டேபிளையே முந்திட்டாரா?" பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. "கேளு, அவருக்கு ஒரு சாய்வு நாற்காலி வாங்கியிருக்கேன். பழசுதான். யொலாண்டா சிரிக்கிறா. அவரு சும்மா உக்காரப் போறாரா என்ன, ரோட்டப் பாத்துக் குறை சொல்லத்தானே வர்றாருங்கிறா. அப்பாகிட்ட குடேன். நானே பேசுறேன்."

"டேரன்."

"ம்?"

"டேரன்" என்று மறுபடியும் சொன்னாள். அதற்கு மேல் வரவில்லை.

குழந்தை தட்டுவது மட்டும் கேட்டது. பிறகு யாரோ குழந்தையை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

"எப்பம்மா?"

"கொஞ்ச நேரம் முன்னாடி. வர்ற வழியில. நெஞ்சு." நீலப் பலகையைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "நான்தான் ஓட்டிட்டு வந்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

"உன்னை ஓட்ட விட்டாரா?" அவன் குரல் சின்னப் பையனுடையதைப் போல மெலிந்துவிட்டது. பிறகு கேட்டான்: "கடைசியா ஏதாவது சொன்னாராம்மா?"

அவன் என்ன கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றைச் சொல்லிவிட முடியும். அவனுக்கு ஆயுசுக்கும் போதும் என்கிற மாதிரி ஒரு வார்த்தை. அதைச் சரிபார்க்க இனி ஒருவரும் இல்லை.

"பாலத்துல பிரேக் போடாதேன்னாரு" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரிதான் ஆரம்பித்தது. "வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கிட்ட சொன்னதும் அதான்" என்றான். அவள் காத்திருந்தாள்.

"நான் கிளம்பி வர்றேன். இன்னிக்கே."

"இன்னிக்கு வராதே. ராத்திரி எல்லாம் மூடிடும். நாளைக்கும் சந்தேகம்தான். வியாழக்கிழமை பாரு. கிரீன் பேக்கு டிக்கெட் எடு, வேற எங்கயும் எடுக்காதே. இறங்கினதும் வாடகை வண்டி எடுத்துக்க, சக்கரம் நல்லாருக்கான்னு பாத்து எடு. காலையிலயே கிளம்பு. வழியில அந்தச் சின்ன நயாகரா ஊருல பெட்ரோல் போட்டுக்க..." பேசப் பேசத் தான் யாரைப் போலப் பேசுகிறோம் என்று உறைத்தது. நிறுத்தினாள்.

"சொல்லும்மா" என்றான் டேரன். "நான் எழுதிக்கிறேன். சொல்லு."

மத்தியானத்துக்கு மேல் லைல் வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் தயங்கினான். அவளுடைய வண்டியைத் தீயணைப்பு ஆள் ஒருவர் ஓட்டிவந்து வெளியே நிறுத்தியிருப்பதாகவும், பெட்டிகள் பத்திரமாக இருப்பதாகவும், தன் வீட்டில் மனைவி அவளுக்குப் படுக்கை போட்டுவைத்திருப்பதாகவும் சொன்னான்.

"ஒரு ரவுண்டு பாக்கி இருக்கு. முடிச்சுட்டு வந்து கூட்டிட்டுப் போறேன். ஒரு மணி நேரம்."

"நீ போய் வேலையப் பாரு. நான் இங்கதான் இருக்கேன்."

அவன் போன பிறகு நர்ஸ் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அறையில் வில்மா மட்டும் இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர் வீடுகூடத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பையைப் பிரித்தாள். மேலே வெட்டப்பட்ட சட்டை. அதற்குக் கீழே கோட்டு. அடியில், கனமாக, அவருடைய பூட்ஸ். சாலையில் கிடந்ததில் பனி உள்ளே போய் உருகியிருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து கயிற்றை ஒவ்வொரு கண்ணியாகத் தளர்த்தினாள். கையை விட்டு உள்ளிருந்த கம்பளி உறையை இழுத்தாள். வலதுகால் உறை சுலபமாக வந்தது. இடதுகால் உறை குதிகாலில் பிடித்துக்கொண்டது. முழங்காலுக்கு நடுவில் பூட்ஸை இடுக்கிக்கொண்டு இழுத்தாள். ஜன்னலுக்கு அடியில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பனி தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்த நாட்களில் செய்வதைப் போலவே, உறைகள் இரண்டையும் அதன் மேல் பக்கம் பக்கமாகப் பரப்பினாள். பூட்ஸின் நாக்கை வெளியே மடித்துவிட்டு, வாய் சூட்டைப் பார்த்திருக்கும்படி கீழே சாய்த்து வைத்தாள்.

சிறிது நேரம் கழித்து எழுந்து உறைகளைத் திருப்பிப் போட்டாள்.